மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் நாயைத் தனியே விட்டுப் போகும்போது

வெள்ளி இரவு 8 மணிக்குக் கொழும்பு பஸ் ஏறுகிறீர்கள். சனி முழுக்க அலுவல். அன்றிரவே திரும்பி, ஞாயிறு விடிய 5 மணிக்கு வாசலில் வந்திறங்குகிறீர்கள். வீட்டில் அதை "ஒரு நாள் பயணம்" என்றுதான் சொல்வோம். நாய் தனியே இருந்தது 33 மணித்தியாலம். ஆகவே பயணத்தை நாளால் எண்ணாமல் மணித்தியாலத்தால் எண்ணுங்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த நேரத்துக்குள் யார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை வளவுக்குள் வந்து நாயைக் கண்ணால் பார்ப்பார்?

கீழே வரும் தண்ணீர், நிழல், வேலி எல்லாமே அந்த ஆள் வந்து போன நேரத்துக்கும் அடுத்த தடவை வரும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதைக் கடத்தத்தான். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஆள் வராத வீட்டில் எவ்வளவு ஆயத்தம் செய்து வைத்தாலும் அது போதாது.

எவ்வளவு நேரம் தனியே விடலாம்

நல்ல சுகமான, வளர்ந்த நாய் 4 முதல் 6 மணித்தியாலம் தனியே இருக்கும். பகலில் 8 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. குட்டிக்கு மாத வயதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 3 மாதக் குட்டி 4 மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. 4 மாதம் வரைக்கும் அதற்கு நாளைக்கு மூன்று நான்கு தடவை சாப்பாடு வேண்டும். குட்டி, கிழ நாய், வயிற்றில் குட்டியுள்ள அல்லது பால் கொடுக்கும் பெட்டை, மருந்து எடுக்கும் நாய் ஆகியவற்றை ஓர் இரவுகூடத் தனியே விடாதீர்கள். இவற்றுக்கு யாராவது வந்து வீட்டிலேயே படுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாயை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு கிழமைக்கு மேற்பட்ட பயணத்துக்கும் இதுதான் முறை. வெளிநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் வளவுக்குக் காவலாக நாயை மட்டும் விட்டுப் போவது சரியில்லை. அதற்கு நிரந்தரமாக ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சந்தையிலோ கடற்கரையிலோ இறக்கிவிட்டுப் போவது நாய்க்கும் ஊருக்கும் செய்யும் தீங்கு.

பார்க்க வரும் ஆள்

காலை 6, மதியம் 1, மாலை 6 என்று மூன்று தடவை வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் 20 நிமிடமாவது நிற்க வேண்டும். மதிலுக்கு மேலால் சோற்றைப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டதாகக் கணக்கெடுக்க முடியாது. நாய் எழும்பி வருகிறதா, நொண்டுகிறதா, முதல் தடவை வைத்ததைச் சாப்பிட்டதா, வயிற்றால் போயிருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஆளை நாய் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் நிற்கும்போது வாலை ஆட்டும் நாய், நீங்கள் இல்லாத வளவுக்குள் அதே ஆள் வந்தால் கடிக்கலாம். காவல் குணம் அப்படித்தான். பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையால் சாப்பாடு வைக்கட்டும். அடுத்த இரண்டு நாள் நீங்கள் வீட்டுக்குள் இருங்கள், அவர் தானே கேற்றைத் திறந்து வரட்டும். கடைசி இரண்டு நாள் நீங்கள் ஒழுங்கை முனைவரை போய் நில்லுங்கள். ஆறாம் நாளும் நாய் உறுமினால் வேறு ஆள் பாருங்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்று விட்டுப் போனால், பயந்துபோன அந்த ஆள் இரண்டாம் நாள் கேற்றுக்குள் வரமாட்டார். அதை உங்களுக்குச் சொல்லவும் கூச்சப்படுவார்.

பார்க்க வருபவருக்குக் காசு கொடுப்பதை வெட்கமாக நினைக்காதீர்கள். சொந்தக்காரப் பொடியனாக இருந்தாலும் கொடுங்கள். காசு வாங்கியவரிடம் "மூன்று மணிக்குப் படம் எடுத்து அனுப்பு" என்று உரிமையோடு கேட்கலாம்.

பக்கத்து வீடு முஸ்லிம் வீடாக இருந்தால், நாயின் எச்சில் பட்டால் கழுவித் துப்புரவாக்கும் முறை அவர்களுக்கு உண்டு. நாயைத் தொடும் வேலையை அவர்களிடம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். கேற் திறந்து கிடந்தாலோ, நாய் விடாமல் குரைத்தாலோ ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள், அது பெரிய உதவி. உங்கள் நாய் அவர்கள் வளவுக்குள் போகாமல் வேலியை அடைத்துவிட்டுப் போவது உங்கள் கடமை.

ஒரு கடதாசியில் இவற்றை எழுதி, குசினிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்: நாயின் பெயர், வயது, நிறை, சாப்பாடு எவ்வளவு, எத்தனை மணிக்கு, கொடுக்கக் கூடாதவை, எங்கே தொட்டால் கடிக்கும், மிருக வைத்தியரின் நம்பர், உங்கள் நம்பரும், நீங்கள் எடுக்காவிட்டால் முடிவு சொல்லக்கூடிய இன்னொருவரின் நம்பரும். ஓட்டோவுக்கும் மருந்துக்குமாகக் கொஞ்சக் காசை அதே இடத்தில் உறையில் வையுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். சனி ஞாயிறில் யாரிடம் போவது என்பதை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

அந்த உறைக்குள் தடுப்பூசி அட்டையும் இருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். நீங்கள் இல்லாத நேரத்தில் நாய் யாரையாவது கடித்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது "நாய்க்கு விசர்நாய் ஊசி போட்டதா, எப்போது?" என்பதுதான். அட்டை உங்கள் பையில் கொழும்பில் இருந்தால் இங்கே யாராலும் பதில் சொல்ல முடியாது. ஊசி போட்டு ஒரு வருடம் கடந்திருந்தால் பயணத்துக்கு முன் போட்டுவிடுங்கள். கடி பட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ காயத்தில் பூசக் கூடாது. நாயை அடித்துக் கொன்றுவிடவும் கூடாது. அது உயிரோடு கண்காணிப்பில் இருந்தால்தான் கடி பட்டவருக்கு விசர் பற்றிய பயம் தீரும்.

தண்ணீர்

குளிரான நாளில் நாய்க்கு ஒரு கிலோ நிறைக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். நம் ஊர் நாய் 15 கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது இரட்டிப்பாகும். சிந்துவதற்கும் சேர்த்து 15 கிலோ நாய்க்கு 4 லீற்றர் வையுங்கள். அதை ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும், காகம் அழுக்காக்கினாலும் மற்றது இருக்கும்.

பிளாஸ்ரிக் பேசனை நாய் இழுத்து விளையாடிக் கவிழ்க்கும். வெயில் பட்ட அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்கும். மண் சட்டிதான் நல்லது, பக்கங்களில் ஈரம் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிராக நிற்கும். பாரமான அகன்ற சட்டியை எடுத்து, நிழலில், மணலில் பாதி உயரத்துக்குப் புதைத்துவிடுங்கள். தயிர்ச் சட்டி குட்டிக்குப் போதும், வளர்ந்த நாய்க்குச் சிறிது. குட்டி நிற்கும் வளவில் ஆழமான வாளி வைக்காதீர்கள், தலைகீழாக விழுந்தால் வெளியே வர முடியாது.

ஆளில்லாத வளவில் தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்புக்கும் வீடு. ஒவ்வொரு நாளும் ஊற்றிவிட்டு, சட்டியின் உள்விளிம்பைப் பொச்சால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். முட்டை விளிம்பில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

சாப்பாடு

பானை நிறையச் சோற்றைக் குழைத்து வைத்துவிட்டு இரண்டு நாள் போவது நம்மிடம் உள்ள பழைய வழக்கம். நம் வெக்கைக்கு மீன் சேர்த்த சோறு நாலைந்து மணித்தியாலத்தில் பழுதாகும். காலையில் எறும்பு மொய்க்கும், மத்தியானம் காகமும் தெரு நாயும் வரும். பசியில் நாய் பழுதானதையே தின்று, வாந்தியும் வயிற்றோட்டமும் பிடித்து, உடம்பில் இருந்த தண்ணீரையும் இழக்கும்.

வளர்ந்த 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு சுமார் 400 கிராம் வெந்த சோறும், முள் எடுத்த 200 கிராம் மீன் அல்லது கோழியும், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் சில நாட்களுக்குப் போதும். ஒவ்வொரு வேளைக்கும் உரியதைத் தனித்தனியாகக் கட்டி ஃபிறிட்ஜில் வைத்தால் வருபவருக்கு வேலை லேசு. உலர் தீனி பழகிய நாய்க்கு நாளைக்கு 220 முதல் 250 கிராம். பயணத்துக்காகத் திடீரென்று தீனியை மாற்றினால் வயிற்றால் போகும். மாற்றுவதானால் ஒரு கிழமைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். எறும்புக்கு: சாப்பாட்டுக் கோப்பையை, தண்ணீர் ஊற்றிய அகன்ற பேசனின் நடுவில் ஒரு கல்லின் மேல் வையுங்கள்.

வருபவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. இரக்கத்தில் தன் வீட்டுக் கறிக் குழம்பை ஊற்றிக் கொடுப்பார். வெங்காயமும் உள்ளியும், பச்சையோ வெந்ததோ, நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும். சொக்லேற், முந்திரிகை வற்றல், பிளம்ஸ் போட்ட கேக் எதுவும் கூடாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். மனிதருக்கான வலி மாத்திரை, பனடோல் உட்பட, மிருக வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

வாவிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள வீடுகளுக்கு மேலும் இரண்டு விடயம். வலையிலிருந்து கழித்து எறியும் பேத்தை மீனில் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்தே இல்லை. கரையில் கிடப்பதைத் தின்னாமல் நாயை வளவுக்குள் அடைத்து வைக்க வேண்டும். அடுத்தது தூண்டிலும் தங்கூசியும். மீன் வாடை பிடித்த தங்கூசியை நாய் விழுங்கினால் அது குடலை அறுக்கும். பின்பக்கத்தால் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வயல் பக்கத்து வீடுகளில் எலி மருந்தையும் களை நாசினிப் போத்தல்களையும் பூட்டி வையுங்கள்.

நிழலும் கட்டும்

வாவியோரத்து ஈரக் காற்றில் நாய்க்கு இளைப்பதால் வரும் குளிர்ச்சி குறைவு. தகரம் போட்ட நாய்க்கூடு மத்தியானத்தில் போறணையாகிவிடும். மாமரமோ வேம்போ இருந்தால் அதன் கீழ் வையுங்கள், கூரைக்கு மேல் கிடுகு போடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் வரை நம் பகுதியில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்காகப் போகும். அந்த மாதங்களில் வீட்டின் வடக்குச் சுவரோரம் நிழல் என்று நம்பிக் கட்டினால் நாய் வெயிலில் காயும். போவதற்கு முன் ஒரு நாள் 12 மணிக்கும் 3 மணிக்கும் நாய் நிற்கப் போகும் இடத்தில் நீங்களே போய் நின்று பாருங்கள். அறைக்குள் விடுவதானால் எதிரெதிர் ஜன்னல் இரண்டு திறந்திருக்க வேண்டும். மின்விசிறியை நம்ப வேண்டாம், கரண்ட் போனால் அதுவும் போகும்.

சங்கிலி பற்றி: ஆளில்லாத வீட்டில் நாயைக் கட்டிப் போடாமல் இருப்பதே சரி. அடைத்த வளவு, அல்லது கிறில் அடித்த விறாந்தை, இரண்டில் ஒன்றை ஒழுங்குபடுத்துங்கள். கட்டிய நாய் மதிலைப் பாய்ந்து மறுபக்கம் தொங்கிச் சாவது நடக்கிற விடயம். மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலி குறுகி, தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடுவது அதைவிட அதிகம் நடக்கும்.

வேறு வழியே இல்லாத வீட்டில் ஓடுகம்பி கட்டலாம். இரண்டு மரத்துக்கிடையே 8 முதல் 10 மீற்றர் நீளத்துக்கு, 2 மீற்றர் உயரத்தில், 4 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். அதில் ஒரு கப்பி. கப்பியிலிருந்து இரண்டரை மீற்றர் பாரமில்லாத சங்கிலி, இரண்டு முனையிலும் சுழலும் கொளுக்கி. மரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி இரு பக்கமும் கம்பியில் தடை ஒன்றை இறுக்குங்கள். இது இல்லாவிட்டால் நாய் மரத்தைச் சுற்றிச் சிக்கும். இந்த அளவில் நாய் படுக்கவும் இரு பக்கமும் ஒன்றரை மீற்றருக்கு மேல் போகவும் முடியும். கம்பியின் இரு பக்கமும் 3 மீற்றருக்குள் மதில், படி, கிணறு, செடி எதுவும் இருக்கக் கூடாது. கழுத்துப்பட்டி அகலமாக, இரண்டு விரல் நுழையும் அளவில் இருக்கட்டும். இழுத்தால் இறுகும் பட்டி வேண்டவே வேண்டாம். பகலில் ஒரு சில மணித்தியாலத்துக்கு மட்டுந்தான் இது. இரவுக்கு ஆகாது. படுவான்கரைப் பக்கம் நெல்லுக்கு யானை வரும் ஊர்களில், கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை.

வளவில் விடுவதானால் வேலியைச் சுற்றி ஒரு தரம் குந்தியிருந்து பாருங்கள், நாயின் உயரத்தில். நம் மணல் நிலத்தில் ஒரு மழை பெய்தால் கேற்றுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விழும். கொண்டியை மூக்கால் தூக்கித் திறக்கும் நாய்கள் உண்டு, ஆமைப்பூட்டுப் போட்டு ஒரு திறப்பை வருபவரிடம் கொடுங்கள். கட்டு உயரம் குறைந்த கிணற்றுக்குக் கம்பி வலை மூடி கட்டாயம்.

வெடி, வெள்ளம், யாத்திரை

வருடப் பிறப்பு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு, கோயில் திருவிழா: இந்த நாட்களில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு நாய் மதில் பாய்ந்து ஓடித் தொலையும். அந்த இரவுகளில் வீட்டுக்குள், மேசைக்கடியில் படுக்க இடம் கொடுத்து, ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள், புறப்படும் முன் நாயைக் கிறிலுக்குள் அடையுங்கள். பின்னாலேயே நடந்து வந்து காட்டுப் பாதையில் திரும்பத் தெரியாமல் நின்றுவிடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. 2011 ஜனவரி வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறியது என்பது இரு மாவட்டத்துக்கும் நினைவிருக்கும். ரோட்டு மூடினால் "நாளைக்கு வருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த மாதங்களில் ஓர் இரவுப் பயணத்துக்கும் நாயைக் கட்டாதீர்கள், கூட்டில் பூட்டாதீர்கள். ஏறி நிற்க மேசையோ உயரத் திண்ணையோ இருக்க வேண்டும். பார்க்க வருபவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவராக இருந்தால் இந்தப் பக்கம் இன்னொருவரையும் ஒழுங்கு செய்யுங்கள்.

தனிமை தாங்காத நாய்

நீங்கள் போன முதல் அரை மணித்தியாலத்தில் ஊளையிடுதல், கதவைப் பிறாண்டுதல், வாணீர் வடிதல், பிடித்த சாப்பாட்டையும் தொடாமை: இவை தெரிந்தால் அது பயம்; அடம் என்று எண்ணி அடிக்காதீர்கள். பழைய போனில் வீடியோவைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய் வந்தால் உண்மை தெரியும். பழக்கும் முறை மெதுவானது. கேற்றைப் பூட்டி ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்புங்கள். நாய் அமைதியாக இருந்தால் 5 நிமிடம், பிறகு 10, 30, ஒரு மணித்தியாலம். பதறினால் முந்தின அளவுக்கே திரும்புங்கள். இதற்கு மூன்று நாலு கிழமை பிடிக்கும் என்பதால் பயணத்துக்கு முந்தின நாள் தொடங்கிப் பயனில்லை. புறப்படும் காலையில் 30 நிமிடம் நடத்திக் கூட்டிவந்து, தயிரும் சோறும் பிசைந்து எவர்சில்வர் கோப்பையில் உறையவைத்ததைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நக்கி முடிக்க நேரம் எடுக்கும். தனியே இருக்கும் நாய்க்குக் கடிக்கப் பொச்சு மட்டை கொடுக்காதீர்கள், தும்பு குடலை அடைக்கும்.

அவசரம் வந்தால்

நாய் தள்ளாடி, விடாமல் இளைத்து, முரசு கடும் சிவப்பாகி, வாணீர் ஒழுகக் கண்டால் அது வெப்பத் தாக்கம். நாயின் சாதாரண வெப்பம் 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குத் தூக்கி, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத் துணியால் மூடி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் சுவாசப்பைக்குள் போகும். குளிர்ந்து, எழுந்து நடந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். முகமோ காலோ திடீரென்று வீங்கினால் பாம்பு என்று எடுத்துக்கொண்டு, கட்டாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கி ஓட்டோவில் ஏற்றுங்கள். இந்த இரண்டையும் குசினிக் கதவில் ஒட்டிய கடதாசியிலும் எழுதி வைக்கலாம்.

சட்டத்திலும் பொறுப்பு உங்களுடையதுதான். நாயைப் பட்டினியாகவோ வெயிலிலோ கட்டிப் போட்டு வதைப்பது 1907ஆம் ஆண்டின் மிருக வதைத் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். நாயை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்பது 1901 முதல் உள்ள சட்டம். நீங்கள் ஊரில் இல்லை என்பதால் இந்தப் பொறுப்பு பார்க்க வருபவர் தலைக்கு மாறாது.

திரும்பி வந்ததும்

நாய் துள்ளி வரும், ஒரே மூச்சில் குடிக்கும். தண்ணீரை இரண்டு மூன்று தரமாகப் பிரித்து வையுங்கள், ஒரேயடியாகக் குடித்தால் வாந்தி எடுக்கும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். கழுத்துப்பட்டிக்குக் கீழே தோல் உரிந்திருக்கிறதா, பாதம் வெந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத இரண்டு மூன்று நாளில் சின்னக் காயத்திலும் புழு வைத்துவிடும், அதுவும் வாலடியில் என்றால் மயிர் மூடிக் கண்ணுக்குத் தெரியாது, மணத்தால்தான் பிடிபடும். பார்க்க வந்தவரிடம் நாய் எத்தனை வேளை சாப்பாட்டை விட்டது என்று கேளுங்கள். இரண்டு வேளைக்கு மேல் விட்டிருந்தால் அடுத்த பயணத்துக்கு அதே ஆள் இரவும் வந்து தங்க முடியுமா என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.